லயம், மீள்வருகை, நிறம்: அரூப ஓவியப் பயிற்சி குறித்துச் சில சிந்தனைகள்

அரூப ஓவியம் என்னும் தொடர் எம்மிடையே வழக்கிற்கு வந்து நெடுங்காலமாகிவிட்டது. பொருள்களின் தோற்றத்தைப் பிரதிசெய்யாது கோடு, வடிவம், நிறம் என்பவற்றையே ஆதாரமாகக் கொண்டு ஆக்கப்படும் ஓவியத்தை அது சுட்டுகின்றது. எனினும் இச்சொல் எமது மாணவர்க்கு நன்மையிலும் பார்க்கத் தீமையையே அதிகம் செய்துள்ளது என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. அரூபம் என்றால் உருவமின்மை. சைவ சித்தாந்தம் கற்றோர் அருவம், உருவம், அருவுருவம் என்ற பாகுபாட்டை நன்கறிவர். அருவம் கண்ணுக்குப் புலனாகாதது. ஓவியமோ கண்ணுக்குப் புலனாவதாலேயே ஓவியமாகின்றது. மொன்ட்றியானின் சதுரங்களிலும் கன்டின்ஸ்கியின் வட்டங்களிலும் உருவம் நிறைந்து கிடக்கின்றது. அங்கே இல்லாதது, இன்ன பொருள் என்று பெயர் சொல்லத்தக்க சாயல் மட்டுமே. கை, கால், முகம் முதலிய அவயவங்கள் இன்றியும் திட்டமான வடிவுடைய சிவலிங்கத்தை அருவுருவம் என்றனர் எம்முன்னோர். அச்சொல் இவ்வகை ஓவியத்திற்கு ஓரளவு அண்மித்து வருகின்றது. ஆயினும் புதுச்சொல் படைப்பது இங்கு நோக்கமன்று. வழக்கிலுள்ள சொல்லையே நாமும் ஆள்வோம்.

சொல்லால் விளைந்த தீமை யாதெனின், உருவமில்லாத ஒன்றிற்கு ஒழுங்கும் இருக்கவேண்டியதில்லை என்று மாணவன் முடிவுசெய்துவிடுகிறான். ஆசிரியருட் சிலர் இதனாலேயே அரூப ஓவியத்தை வகுப்பறைக்குள் அனுமதிப்பதில்லை. வேறு சிலர், மனம்போன போக்கில் நிறத்தை அள்ளித் தெளிக்க விட்டுவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயரிடுகின்றனர். இவ்விரு சாராருக்கும் புறம்பாக, அண்மைக் காலத்தில் பல நாடுகளின் கலைக்கல்வியாளர் கைக்கொள்ளும் முறையொன்று உண்டு. இசையொன்றைக் கேட்கச் செய்து, அதன் லயத்திற்கேற்ப வடிவமொன்றை மீள மீள வரையவிட்டு, அவ்வடிவங்களுக்கு நிறமூட்டுவதன் வாயிலாக மாணவரை அரூப ஓவியத்திற்கு அழைத்துச் செல்லுதல் அம்முறையாகும். மூன்றனுள் இதுவே மேலானது. ஆயின் வழக்கமாக நிகழ்த்தப்படும் முறையில் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றது. லயம், மீள்வருகை, நிறம் ஆகியன மூன்று தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. முடிவில் கிடைப்பது துணிக்கரை போன்ற ஓர் அலங்காரம். அலங்காரம் இழிந்ததன்று. எனினும் அலங்காரம் செய்யக் கற்ற மாணவன் ஓவியம் செய்யக் கற்றுவிட்டான் எனக் கொள்வது தவறு.

இம்முறையின் வேர்களைத் தேடிச் செல்வோர் 1919இல் ஜேர்மனியின் வைமார் நகரில் தொடங்கப்பட்ட பௌஹவுஸ் என்னும் கலைக்கூடத்தை வந்தடைவர். கட்டடக் கலைஞர் வால்ரர் குரோப்பியஸ் நிறுவிய அக்கூடம் 1925இல் டெசாவுக்கும், 1932இல் பேர்லினுக்கும் இடம்பெயர்ந்து, 1933இல் மூடப்பட்டது. பதினான்கு ஆண்டுகளே நிலைத்த அக்கூடத்தின் பயிற்சிமுறை இன்றும் உலகெங்கும் சித்திர வகுப்புகளில், பெரும்பாலும் அதன் தோற்றுவாய் அறியப்படாமலே, வழங்கி வருகின்றது. அங்கு ஆரம்ப வகுப்பை வகுத்தவர் ஜொஹன்னஸ் இற்றன். மாணவர் வரைய அமருமுன் மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். உடலைத் தளர்த்த வேண்டும். பின்னர் இரு கைகளாலும் ஒரே வேளையில் லயத்தோடு கோடிழுக்க வேண்டும். கேர்ட்ரூட் குரூனோவ் என்ற இசையாசிரியை, ஒலிக்கும் நிறத்திற்கும் உடலசைவிற்கும் உள்ள இசைவை மாணவர் தம் உடலாலேயே உணருமாறு செய்தார். பௌஹவுஸ் பற்றிய நூல்களுட் பல நெடுங்காலம் இவ்வம்மையாரை ஓரிரு வரிகளிற் கடந்து சென்றன. ஆனால் லயத்தைக் கைக்கு முன் உடல் அறியவேண்டும் என்ற எண்ணம் அங்கு வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

எனினும் இற்றனதும் குரூனோவினதும் பயிற்சிகள் மாணவனை ஆயத்தம் செய்வனவே. லயத்தை ஓவியத்தின் அமைப்பு விதியாக ஆராய்ந்து கற்பித்தவர் போல் கிளே. 1879இல் பேர்ன் நகருக்கு அண்மையிற் பிறந்த அவரது தந்தையார் இசையாசிரியர். தாயார் பாடகியாகப் பயின்றவர். மனைவி பியானோ ஆசிரியை. கிளேயும் பேர்ன் நகர வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தவர். 1921 முதல் 1931 வரை பௌஹவுஸில் அவர் கற்பித்த காலத்துக் குறிப்புகள் ஏறத்தாழ 3,900 பக்கங்கள் இன்று பேர்னில் பேணப்படுகின்றன. அவற்றைப் புரட்டுவோர் முதலில் வியப்பது அவற்றின் வறட்சியைக் கண்டே. உணர்ச்சி, உள்ளொளி, ஆத்மா முதலிய சொற்களை எதிர்பார்த்துச் செல்லும் வாசகனுக்குக் கட்டங்களும் அம்புக்குறிகளும் எண்களுமே காட்சி தருகின்றன. இசைக்குழுவை நடத்துவோர் கையை அசைக்கும் பாதையை இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்ணிக்கைகளுக்கேற்பக் கோடாக வரைந்து காட்டுகிறார். 1922இல் பாக் இயற்றிய வயலின் இசையொன்றின் ஓரிரு சுற்றுக்களை எடுத்து, காலத்தைக் கிடையாகவும் சுருதியைச் செங்குத்தாகவும் வைத்து, ஒலியின் வலிமையைக் கோட்டின் தடிப்பால் உணர்த்தி, மூன்று குரல்களையும் வரைபடமாக்குகிறார். கணித ஆசிரியரின் கரும்பலகை போன்றே அப்பக்கங்கள் தோற்றமளிக்கின்றன.

அக்குறிப்புகளில் வரும் ஒரு வேறுபாடு எமது பொருளுக்கு இன்றியமையாதது. கிளே லயத்தை இருவகையாகப் பிரித்தார். முதலாவது, பகுக்கத்தக்கது: அதிற் சில அலகுகளைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதன் இயல்பு கெடாது. மற்றையது, பகுக்கவொண்ணாதது: அதில் ஒன்றை நீக்கின் முழுமை குலையும். யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியை நினைத்துப் பார்க்கலாம். நூறு கிடுகுகளில் பத்தை எடுத்தாலும் அது வேலியே; மேலும் நூறு சேர்த்தாலும் வேலியே. ஆனால் அவ்வேலியில் ஒரு படலை அமைந்ததும் நிலைமை மாறுகின்றது. படலையை எடுத்துவிட்டால் அது வேறொரு வேலி; படலை இருக்கும் இடத்தைச் சிறிது தள்ளினாலும் இருபுறத்து வேலியின் நீளமும் எமது கண்ணுக்கு வேறாகத் தோன்றும். ஒரே அலகு மீள மீள வருதல் தன்னளவில் ஓவியமாவதில்லை. வேறொன்று வந்து நிற்கும்போது அது ஏன் அவ்விடத்தில் நிற்கவேண்டும் என்று உணர்த்துவதற்கான தளத்தை அம்மீள்வருகை ஆக்கித் தருகின்றது. வகுப்பறைகளில் மாணவர் வேலி அடைக்கக் கற்கின்றனர். படலை வைக்கக் கற்பதில்லை.

கிளேயின் இரு ஓவியங்கள் இதனைத் தெளிவாக்கும். 1921இல் வரைந்த 'சிவப்பில் ஒரு ஃபியூக்' என்னும் நீர்வர்ண ஓவியத்தில் இருண்ட பின்னணியில் குடம் போன்ற ஒன்று, இலை போன்ற ஒன்று, வட்டம், சதுரம், முக்கோணம் எனச் சில எளிய வடிவங்கள் காணப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒருமுறை தோன்றி நின்றுவிடுவதில்லை. இருளில் மங்கித் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, படிப்படியாக வெளிறிய செந்நிறத்தை அடைகின்றது. வடிவம் மாறவில்லை, அதன் ஒளிச்செறிவு மாறுகின்றது. அம்மாற்றத்தாலேயே எமது கண் ஒரு திசையில் இழுக்கப்படுகின்றது; அசையாத கடதாசியில் காலம் ஓடுகின்றது. ஓவியம் இடத்திற்குரியது, கவிதையும் இசையும் காலத்திற்குரியன என்று ஜேர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் வகுத்த எல்லையைக் கிளே 1920இல் எழுதிய கட்டுரையொன்றில் மறுத்திருந்தார். அம்மறுப்பிற்கு இவ்வோவியம் நல்லதோர் சான்று.

இங்கு எமது பாடசாலைகளில் கீழ்வகுப்பு மாணவர் செய்யும் வெண்டிக்காய் அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டிய வெண்டிக்காயின் முகத்தை நிறத்தில் தோய்த்துக் கடதாசியிற் பதித்துக்கொண்டே சென்றால் முதலாவது அச்சு அழுத்தமாகவும், அடுத்தது சற்று வெளிறியும், அதற்கடுத்தது மேலும் வெளிறியும் விழும். நிறம் தீர்ந்ததும் மீண்டும் தோய்த்தால் மறுபடி அழுத்தத்தில் தொடங்கும். கிளே மெல்லிய நிறப்பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக உலரவிட்டுப் பெற்ற ஏற்ற இறக்கத்தை அக்குழந்தையின் கை தற்செயலாகவே பெற்றுவிடுகின்றது. ஆனால் பெரும்பாலான ஆசிரியர் ஒவ்வொரு முறையும் தோய்த்துப் பதிக்குமாறு பணிப்பர். எல்லா அச்சும் ஒரே சீராக இருத்தல் வேண்டும் என்பர். லயம் வகுப்பறைக்குள் தானாகவே நுழைந்த வேளையில் அதனைக் குறையெனக் கருதித் திருத்திவிடுகின்றோம்.

இரண்டாவது ஓவியம் 1930இல் ஆக்கிய 'லயமுடையது' என்பது. கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்னும் மூன்று தொனிகளிலான கட்டங்கள் கபில நிறத் தளத்தின்மீது வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. மூன்று எண்ணிக்கைத் தாளம் போன்ற இதன் ஒழுங்கை எந்த மாணவனும் உடனே கண்டுகொள்வான். ஆனால் அடிமட்டத்தை வைத்து இவ்வோவியத்தைப் பிரதிசெய்ய முயல்பவன் தோல்வியே அடைவான். கட்டங்கள் சமமானவையல்ல; வரிசைகள் நேர்கோட்டிற் செல்வதில்லை. எண்ணிக்கை மாறாதிருக்க, அளவு நெகிழ்கின்றது. இவ்வோவியத்தில் உயிர்ப்பு என்று எதனையேனும் கூறலாமாயின் அது அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள இழுபறியே.

எமது வாசகர்க்கு இதனை விளக்க ஐரோப்பிய இசையைவிட எமது தாளக்கணக்கே பொருத்தமானது. 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு வளர்ந்த சமூகம் இது. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம்; சதுஸ்ர நடையில் ஓர் ஆவர்த்தனத்திற்கு 32 மாத்திரை. தாளம் போடும் கை மாறுவதேயில்லை. வாத்தியக்காரர் அதன்மேல் ஐந்து மாத்திரைச் சொற்கட்டொன்றை எடுத்து ஆறுமுறை வாசித்தால் 30 மாத்திரை செல்லும், எஞ்சுவது இரண்டு. அவ்விரண்டை எங்கே வைப்பது, கார்வையாக இடையில் விடுவதா, இறுதியிற் சேர்ப்பதா என்பதில்தான் அவரது புலமை வெளிப்படுகின்றது. கோயில் வீதியில் நின்று கேட்கும் சாதாரண இரசிகனும் கணக்கு அறியாவிடினும் சமத்தில் வந்து விழும் கணத்தைத் தவறவிடுவதில்லை. தலை தானாக அசைகின்றது. இத்துணை நுண்ணிய செவியுடைய ஒருவன் சித்திர வகுப்பில் ஒரே அளவான அறுபது பூக்களை வரைந்து அதனை லயம் என்று ஒப்படைப்பது விந்தையே.

இக்கணக்கை அப்படியே கடதாசிக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். கிளே இதனைச் செய்வித்தார் என்று நாம் கூறவில்லை. அவரது வழியில் நின்று எமது வகுப்பறைக்கு நாம் முன்மொழியும் ஒரு பயிற்சியே இது. ஒரு வரிசைக்கு எட்டுக் கட்டங்களாக நான்கு வரிசைகள், மொத்தம் 32. ஐந்து நிறங்களை ஓர் ஒழுங்கில் தேர்ந்து, அவ்வொழுங்கு மாறாது முதற் கட்டத்திலிருந்து நிரப்பிச் செல்க. முதல் வரிசை முதல் நிறத்தில் தொடங்கும். இரண்டாவது நான்காம் நிறத்திலும், மூன்றாவது இரண்டாம் நிறத்திலும், நான்காவது ஐந்தாம் நிறத்திலும் தொடங்கும். யாரும் திட்டமிடாமலே நிறங்கள் சரிவாக ஓடத் தொடங்கும். இறுதியில் இரு கட்டங்கள் எஞ்சும். அவற்றை அங்கேயே வெறுமையாக விட்டால் ஓவியம் ஒரு மூலையில் மூச்சு வாங்கி முடிகின்றது. மாறாக, இரண்டாம் வரிசையின் நடுவில் அவ்விரு வெறுமைகளையும் வைத்துவிட்டு ஒழுங்கைத் தொடர்ந்தால், அடுத்து வரும் ஆறு கட்டங்கள் தமக்கு மேலே வேறு நிறங்களை அயலாகப் பெறுகின்றன, சரிவு முறிகின்றது, பின்னர் பழைய ஒழுங்கு திரும்புகின்றது. ஒரே நிறங்கள், ஒரே எண்ணிக்கை, வெவ்வேறான இரு ஓவியங்கள். மாணவன் இரண்டையும் அருகருகே வைத்து எது தனக்கு வேண்டும், ஏன் வேண்டும் என்று கூற முற்படும் கணத்திலேயே அரூப ஓவியம் பற்றிய பாடம் தொடங்குகின்றது.

இவ்வுவமையை எல்லைக்கு மீறி இழுத்துவிடவும் கூடாது. செவி காத்திருக்க வேண்டும். சமம் வரும்வரை அதற்கு வேறு வழியில்லை. கண்ணோ எங்கும் தாவலாம், முடிவை முதலிலேயே கண்டுவிடலாம். ஆகவே ஓவியத்தில் வேறுபட்ட ஒன்று தனக்குரிய இடத்தைப் பெறுவது தாளத்திலும் கடினமானது. கோலத்தைக் காட்டி, அரூப ஓவியம் எம்மிடம் முன்னரே உண்டு என்று மகிழ்வோரும் ஒன்றைச் சிந்தித்தல் நலம். புள்ளிக் கோலம் அலகை மீட்டுவதில் ஒப்பற்ற பயிற்சி தருவது. ஆயின் கோடு தொடங்கிய இடத்திலே வந்து மூடுவதும், நாற்புறமும் ஒத்திருப்பதும் அதன் அறம். கோலத்திற் பிழைத்த புள்ளி பிழையே. கோலம் தொடக்கமாக இருக்கலாம்; அதிலேயே தங்கிவிட்டால் மீண்டும் வேலிதான் மிஞ்சும்.

நிறத்திற்கு வருவோம். 1922இல் பௌஹவுஸில் சேர்ந்த கன்டின்ஸ்கி, அடுத்த ஆண்டில் ஒரு வினாத்தாளைச் சுற்றுக்கு விட்டார். முக்கோணம், சதுரம், வட்டம் ஆகிய மூன்றிற்கும் மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்றையும் பொருத்துமாறு அது கேட்டது. மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சதுரம், நீல வட்டம் என்பது கன்டின்ஸ்கியின் கொள்கை. அக்கூடத்தில் அதுவே ஏறக்குறைய ஒரு சூத்திரமாகவும் ஆகிவிட்டது. கன்டின்ஸ்கியின் மேதைமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் கற்பித்தல் முறை என்ற வகையில் இது ஆபத்தானது. நிறத்திற்கு நிலையான பொருள் உண்டு என்ற நம்பிக்கையை அது ஊட்டுகின்றது. சிவப்புக் கோபம், நீலம் அமைதி, மஞ்சள் மகிழ்ச்சி என்று எமது வகுப்பறைகளில் மனனம் செய்விக்கப்படுவது அந்நம்பிக்கையின் மலிந்த வடிவமே. ஒரு நாட்டில் மணமகள் அணியும் வெள்ளை, இன்னொரு நாட்டில் கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்டிருந்தது என்பதை எண்ணினாலே இச்சூத்திரத்தின் வலுவின்மை விளங்கும்.

இதற்கு மாற்று மருந்து அதே கூடத்தில் மாணவராயிருந்து ஆசிரியரான யோசெவ் அல்பேர்ஸிடம் கிடைக்கின்றது. பௌஹவுஸ் மூடப்பட்ட 1933இல் அமெரிக்கா சென்ற அவர், பிளாக் மவுன்ரின் கல்லூரியிலும், 1950 முதல் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். நிறங்களின் இடைவினை பற்றிய அவரது நூல் 1963இல் வெளிவந்தது. அல்பேர்ஸ் மாணவரின் கையிலிருந்து தூரிகையை வாங்கி வைத்துவிட்டு வர்ணக் கடதாசியைக் கொடுத்தார். நிறம் கலக்கும்போது ஏற்படும் தற்செயல் வேறுபாடுகள் கடதாசியில் இல்லை. ஒரே துண்டை எத்தனை இடத்தில் வைத்தாலும் அது அதுவே. ஆகவே இடம் மாறியதும் அது வேறாகத் தோன்றினால், மாற்றம் கடதாசியில் நிகழவில்லை, அயலாலேயே நிகழ்ந்தது என்பதை மாணவன் மறுக்க முடியாது. ஒரு நிறத்தை இரண்டாகத் தோன்றச் செய்க. இரு நிறங்களை ஒன்றாகத் தோன்றச் செய்க: இவை அவர் இட்ட பணிகள். சேலைக்கடையில் கரையை மறைத்தும் காட்டியும் உடலின் நிறத்தை மதிப்பிடும் எமது தாய்மாருக்கு இவ்வுண்மை புதிதன்று. வறிய பாடசாலைக்கும் இதைவிட மலிவான பயிற்சி இல்லை. இனிப்புச் சுற்றிய தாளும், பழைய சஞ்சிகை அட்டையும், வெசாக் கூட்டில் மீந்த கடதாசியும் போதும்.

அல்பேர்ஸின் பாடத்தை மேற்கூறிய 32 கட்டங்களோடு சேர்த்து நோக்கினால் மூன்று பாடங்களும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு சாம்பல் துண்டு ஏழுமுறை மீள வருகின்றது எனக் கொள்வோம். ஆறு இடங்களில் அதன் அயலில் செம்மஞ்சள். ஏழாவது இடத்தில் கரும்பச்சை. துண்டு மாறவில்லை, ஆயின் ஏழாவது இடத்தில் வேறொரு சாம்பல் நிற்பதாகக் கண் சாதிக்கின்றது. மீள்வருகை இன்றேல் இவ்வேறுபாடு கவனத்திற்கு வந்திராது. நிறம் இன்றேல் மீள்வருகை சலிப்பூட்டியிருக்கும். இவ்விரண்டும் கூடிய இடத்திற் பிறப்பதே லயம். நியூ யோர்க்கில் தமது இறுதிக்காலத்தில், 1942–43இல், மொன்ட்றியான் வரைந்த 'புரோட்வே பூகி வூகி' என்னும் ஓவியத்திலும் இதுவே நிகழ்கின்றது. அவரது பழைய ஓவியங்களின் கறுப்புக் கோடு ஒன்றேனும் அதில் இல்லை. மஞ்சட் பட்டைகளின்மேல் சிவப்பு, நீலம், சாம்பல் நிறச் சிறு சதுரங்கள் துடிக்கின்றன. அத்துடிப்பு அவற்றுக்கிடையேயுள்ள தூரத்தின் ஏற்றத்தாழ்வாலேயே விளைகின்றது.

இத்தகைய பயிற்சி எமக்கு அந்நியமானது என்ற கண்டனம் எழலாம். 1922 டிசெம்பரில் கல்கத்தாவில் கிளே, கன்டின்ஸ்கி, இற்றன் முதலியோரின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இலங்கையிலோ கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகராயிருந்த வின்சர், பிரதிசெய்தலையே கதியெனக் கொண்ட சித்திரக் கல்வியை மாற்ற முயன்றார். அவர் பெயரால் 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை ஓவியக் கழகமொன்றை அமைத்தார். கொழும்பில் 1943இல் '43 குழு' தோன்றியது. நவீன ஓவியம் இங்கு விருந்தாளியாக வந்து பல தசாப்தங்களாகின்றன. எனவே அக்கண்டனத்தை நாம் நீட்டிக்க வேண்டியதில்லை.

கனதியான கண்டனம் வேறு. கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் இலக்கியத்தைச் சமுதாயப் பின்னணியில் வைத்து நோக்கும் முறையை இங்கு நிலைநாட்டினர். அம்மரபில் வளர்ந்த வாசகர், சாம்பல் துண்டின் அயலில் பச்சையா மஞ்சளா என்பதில் மாணவரின் நேரத்தைச் செலவிடுவதை வெறும் உருவவாதம் என்பர்; போரும் இடப்பெயர்வும் கண்ட ஒரு நாட்டின் மாணவனுக்கு வரைவதற்கு வேறு எவ்வளவோ உண்டு என்பர். இது அலட்சியம் செய்யத்தக்க கேள்வியன்று. கிளே 1933இல் டுசெல்டோர்ப் கலாசாலைப் பதவியிலிருந்து நாசிகளால் நீக்கப்பட்டார். 1937இல் மியூனிக்கில் அவர்கள் நடத்திய 'சீர்கெட்ட கலை'க் கண்காட்சியில் அவரது 17 படைப்புகள் இகழ்ச்சிக்கென வைக்கப்பட்டன. அதனைக் கொண்டு அரூப ஓவியம் எல்லாம் புரட்சிகரமானது என்று வாதிடுவது இலகு; ஆனால் அது நேர்மையான வாதமன்று. கொடுங்கோலன் வெறுத்தான் என்பதனால் ஓர் ஓவியம் நல்லதாகிவிடாது. நாம் கூறக்கூடியது இவ்வளவே: துயரத்தை வரையப் புகும் மாணவன் அழும் முகத்தையும் எரியும் வீட்டையும் அன்றி வேறெதனையும் அறியாதிருப்பின், நூறாவது அழும் முகம் பார்ப்போரை அசைப்பதில்லை. எண்ணிக்கை, இடைவெளி, அயல் ஆகியவற்றைக் கையாளக் கற்றவனுக்கு வெறுமையாக விட்ட இரு கட்டங்களும் ஒரு சொல்லாகலாம். காணாமற்போனவர்களின் படங்களை வரிசையாக ஏந்தி நிற்கும் தாய்மாரைக் கண்டவர்க்கு, ஒரே அளவான சட்டங்கள் மீள மீள வருவதும் அவற்றுள் ஒன்று படமின்றி இருப்பதும் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எஞ்சுவது மதிப்பீடு பற்றிய பிரச்சினை. பரீட்சையை மையமாகக் கொண்ட எமது கல்வியில், புள்ளியிட முடியாத எதுவும் கற்பிக்கப்படுவதில்லை. அரூப ஓவியத்திற்குப் புள்ளியிடவியலாது என்பது ஆசிரியர் பலர் கூறும் சாட்டு. ஆயின் கிளேயின் பகுப்பே அதற்கு வழிகாட்டுகின்றது. மாணவன் செய்த ஓவியத்தில் ஓர் அலகை விரலால் மறைத்து, இதை நீக்கினால் எது குலையும் என்று கேட்கலாம். எதுவும் குலையாது எனின் அவன் இன்னும் வேலியே அடைக்கிறான். ஐம்பது கறுப்புப் புள்ளிகளுக்கிடையே ஒரு சிவப்புப் புள்ளியை வைத்துவிட்டு இதோ வேறுபாடு என்று காட்டும் சாமர்த்தியசாலியையும் இக்கேள்வி பிடித்துவிடும். அச்சிவப்பை ஓரங்குலம் தள்ளினாலும் ஓவியம் அப்படியே இருக்குமாயின் அது அங்கு வந்ததற்கு நியாயமில்லை. மாணவன் தரும் விடையைச் சரி பிழை பார்க்கும் ஆசிரியருக்குத் தமது கண்ணில் நம்பிக்கை இருத்தல் வேண்டும். ஆசிரிய கலாசாலைகளில் நிறவட்டத்தை ஒப்புவிக்கச் செய்யும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் கத்தரிக்கோலும் கடதாசித் துண்டுகளுமாகக் கழிக்க விட்டால், 32 கட்டங்களை முதலில் ஆசிரியரே ஓரிரு முறை நிரப்பிப் பார்க்க இயலும்.